இருக்கைக்குத்தான் காசு

சிங்கப்பூரில் ஒரு நல்ல காக்டெயல் பாரில் பட்டியலைத் திறந்தால், ஒரு கோப்பைக்கு 26 வெள்ளி என்று போட்டிருக்கலாம். (சிங்கப்பூர் டாலரை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.) அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் இரண்டு கூட்டல் குறிகள் பொடியாக அச்சாகியிருக்கும். முதல் குறி 10 விழுக்காடு சேவைக் கட்டணம். இரண்டாவது குறி பொருள் சேவை வரி. 2024 ஜனவரியிலிருந்து அது 9 விழுக்காடு. சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகையின் மீதே வரி விழுவதால், 26 வெள்ளி முதலில் 28.60 ஆகி, பிறகு 31.17 ஆகிறது. நம் பணத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். காக்டெயலுக்காகவே ஊர் ஊராகப் போகிறவர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். 2016 முதல் ஆசியாவின் சிறந்த 50 பார்கள் என்று ஆண்டுதோறும் ஒரு வரிசை வெளியாகிறது. அதில் சிங்கப்பூருக்குத் தவறாமல் பல இடங்கள் கிடைக்கின்றன. அன்றைய ரீஜண்ட் ஓட்டலின் மன்ஹாட்டன் 2017, 2018 ஆகிய ஆண்டுகளிலும், ஜிகர் அண்ட் போனி 2020-லும் ஆசியாவின் முதலிடத்தைப் பிடித்தன. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நான்கு மணி நேரச் சொச்சத்தில் போய் இறங்கக்கூடிய ஊர் என்பதால், தமிழ்நாட்டுப் பயணிகளுக்கு இந்த உலகத்தின் முதல் வாசல் பெரும்பாலும் சிங்கப்பூர்தான். அங்கே கையைக் கடிக்காமல் ஒரு மாலையைக் கழிக்க முடியுமா? முடியும். ஆனால் அதற்கு அந்தக் கோப்பையில் எதற்கெல்லாம் காசு வாங்குகிறார்கள் என்பது முதலில் தெரிய வேண்டும்.

மதுவுக்குக் கடுமையாக வரி போடும் நாடு சிங்கப்பூர். ஜின், விஸ்கி, ரம் போன்றவற்றுக்கு அவற்றில் உள்ள தூய ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி என்ற கணக்கில் தீர்வை கட்ட வேண்டும். பார் விலை எல்லாம் வரியால்தான் இப்படி ஏறிக்கிடக்கிறது என்று பலரும் நினைக்கக் காரணம் இதுதான். கணக்குப் போட்டால் வேறு சேதி வருகிறது. ஒரு காக்டெயலுக்கு 60 மில்லி ஜின் ஊற்றுகிறார்கள் என்றால், 40 விழுக்காட்டு ஜின்னில் தூய ஆல்கஹால் 24 மில்லி. அதற்கான தீர்வை இரண்டு வெள்ளியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். 700 மில்லி பாட்டிலை 70 வெள்ளி கொடுத்து வாங்கியிருந்தாலும், தீர்வையெல்லாம் உள்ளடங்க அந்த 60 மில்லியின் விலை 6 வெள்ளி. எலுமிச்சை, சர்க்கரைப் பாகு, இன்னொரு மதுவில் கொஞ்சம் என்று தாராளமாகவே சேர்த்தாலும் 10 வெள்ளிக்குள் அடங்கிவிடும். மீதமுள்ள 16 வெள்ளி கோப்பைக்கு வெளியே இருக்கிறது. நகரின் நடுவில் ஒரு கடைவீட்டுக்குக் கொடுக்கும் வாடகை, குளிர்சாதனம், கையால் வெட்டிய தெளிந்த பனிக்கட்டி, பல ஆண்டு பயின்ற ஒருவருடைய சில நிமிட உழைப்பு, அப்புறம் நீங்கள் உட்கார்ந்திருக்கும் அந்த நாற்காலி. காக்டெயல் பாரில் நீங்கள் வாங்குவதில் பெரும்பங்கு ஒரு நேரத்து இருக்கைதான் என்பதே என் வாதம். மலிவான சரக்கைத் தேடுவதால் அங்கே மிச்சமாவது சொற்பம். அந்த இருக்கை மலிவாகக் கிடைக்கும் வேளையைத் தேடினால் நிறைய மிச்சமாகும்.

காக்டெயல் என்றால் கண்டதையும் கலக்கும் கலவை என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருப்பதால், கலக்குபவரின் கைக்கு ஏன் காசு என்பதைச் சற்று விளக்க வேண்டும். 1806-ல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஹட்சன் என்ற ஊரின் செய்தித்தாள் ஒன்று, ஒரு வாசகரின் கேள்விக்குப் பதிலாகக் காக்டெயல் என்ற சொல்லுக்கு விளக்கம் அச்சிட்டது: வடித்த மது, சர்க்கரை, தண்ணீர், கசப்புச் சாறு. நான்கே பொருள்தான். இதில் தண்ணீர் இன்று பனிக்கட்டி உருகுவதிலிருந்து வருகிறது. கலக்கும்போது எவ்வளவு உருகுகிறது என்பதில்தான் பானத்தின் உயிர் இருக்கிறது. கொஞ்சம் கலக்கினால் நெருப்பாக எரியும். அதிகம் கலக்கினால் சப்பென்று ஆகும். பெரிய, தெளிந்த கட்டி மெல்ல உருகும். பொடிப்பனி சட்டென்று உருகும். எலுமிச்சைச் சாறு சேர்ந்தவற்றைக் குலுக்குவதும், மது மட்டுமே உள்ளவற்றைக் கரண்டியால் சுழற்றுவதும் வழக்கத்துக்காக மட்டும் அல்ல. குலுக்கினால் காற்று புகுந்து கலங்கும், சுழற்றினால் தெளிவாகவே நிற்கும். இது ஒரு கைத்தொழில். மேசையில் உட்கார்ந்து கோப்பையை மட்டும் வாங்கிக் குடிப்பவருக்கு இதில் பாதிகூடத் தெரியாமல் போய்விடும். கவுண்டரில் உட்கார்பவர் அதே காசுக்கு முழுவதையும் பார்க்கிறார்.

இப்போது வேளைக்கு வருவோம். மாலை ஐந்திலிருந்து ஏழு, எட்டு மணி வரை பல பார்களில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். வாடகையும் சம்பளமும் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அதனால்தான் அந்த நேரத்தில் ஹேப்பி அவர் என்று விலையைக் குறைக்கிறார்கள். 26 வெள்ளிப் பானம் 18 வெள்ளிக்குக் கிடைத்தால், கட்டணமும் வரியும் சேர்ந்து 21.58 ஆகும். இரண்டு கோப்பைக்கு 43 வெள்ளிச் சொச்சம். முழு விலையில் அதே இரண்டு கோப்பை 62 வெள்ளியைத் தாண்டும். விலை மட்டுமல்ல, அந்த வேளையில் பார்டெண்டருக்குப் பேச நேரம் இருக்கும். இந்த ஜின் ஏன், இந்த அளவு ஏன் என்று கேட்டால் நின்று பதில் சொல்வார். இரவு பத்து மணிக்கு நான்கு வரிசை ஆட்கள் நிற்கும்போது உலகத்திலேயே சிறந்த பார்டெண்டராலும் அது முடியாது. மலிவான வேளையே தரமான வேளையாகவும் இருப்பது பயணத்தில் அரிது. காக்டெயல் பாரில் அது அன்றாடம் நடக்கிறது.

கூட்டமும் இசையும் இல்லாத பார் என்ன பார் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கூட்டத்துக்காகப் போகிறவர் பத்து மணிக்குப் போகட்டும், அதற்குரிய விலையைக் கொடுக்கட்டும். அவர் வாங்குவது வேறு பொருள். இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: விலைக் குறைப்பு என்பதே அதிகம் குடிக்க வைக்கும் தந்திரம் அல்லவா? ஆம், அதற்கும் அது பயன்படுகிறது. மேலே சொன்ன கணக்கையே நீட்டிப் பாருங்கள். 18 வெள்ளிப் பானத்தில் மூன்றாவதை வாங்கினால் மொத்தம் 64.75 ஆகிறது. முழு விலைக்கு இரண்டு குடித்தவர் கொடுத்ததைவிட அதிகம்! மலிவு வேளையின் முழு ஆதாயத்தையும் மூன்றாவது கோப்பை விழுங்கிவிடுகிறது. ஆகவே வேளையைத் தேர்ந்தெடுக்கும் உத்தி, எத்தனை கோப்பை என்ற வரம்போடு சேர்ந்தால்தான் செல்லும். இரண்டு என்பது என் துணிபு.

அந்த இரண்டுக்குப் பணக் கணக்கைத் தாண்டியும் காரணம் இருக்கிறது. 60 மில்லி ஜின்னில் இருக்கும் ஆல்கஹால் ஏறக்குறைய 19 கிராம். சிங்கப்பூர் மருத்துவ வழிகாட்டல்களில் ஓர் அளவு மது என்பது 10 கிராம். ஆக அழகான சிறு கோப்பையில் வரும் ஒரு மார்ட்டினியே ஏறத்தாழ இரண்டு அளவு. சராசரி உடல் ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். ஆறு மணிக்குத் தொடங்கி இரண்டு கோப்பை குடித்தவரின் இரத்தத்தில் பத்து மணிக்கும் மது இருக்கக்கூடும். குளிர்ந்த நீரில் குளிப்பதோ காபி குடிப்பதோ இதை விரைவுபடுத்தாது. உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், உடல்நலத்துக்குத் தீங்கில்லாத மது அளவு என்று எதுவும் இல்லை எனத் தெளிவாக அறிவித்தது. அப்படியிருக்க இதையெல்லாம் ஏன் எழுத வேண்டும் என்று கேட்பவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. மதுவால் சிதைந்த வீடுகளைப் பார்த்த சமூகம் நம்முடையது. ஆனால் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். கணக்குத் தெரியாமல் ஐந்து குடித்துவிட்டுத் தள்ளாடுவதைவிட, கணக்குத் தெரிந்து இரண்டோடு எழுந்து வருவது அவர்களுக்கும் அவர்கள் வீட்டுக்கும் மேல். குடிக்காதவர்களுக்கும் அந்த இருக்கை மூடியதல்ல. நல்ல பார்களில் மது சேராத கலவைகளை இப்போது அதே அக்கறையோடு செய்கிறார்கள், பெரும்பாலும் குறைந்த விலைக்கு. குடிக்கும் நண்பர்களோடு போகும் ஒருவர் வெறும் கோலாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

புகழ்பெற்ற பார்களைப் பொறுத்தவரை ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். 1887-ல் சார்க்கீஸ் சகோதரர்கள் தொடங்கிய ராஃபிள்ஸ் ஓட்டலின் லாங் பாரில், ஙியம் டோங் பூன் என்ற ஹைனான் சீனர் 1915-ல் சிங்கப்பூர் ஸ்லிங்கைப் படைத்தார் என்பது அந்த ஓட்டல் சொல்லும் வரலாறு. ஜின், செர்ரி மது, அன்னாசிச் சாறு, எலுமிச்சை, இன்னும் சிலவற்றைச் சேர்த்த இளஞ்சிவப்புப் பானம். வேர்க்கடலைத் தோலைத் தரையில் போட்டுக்கொண்டே குடிப்பது அங்கே மரபு. விலை ஊரின் சராசரியைவிட அதிகம், வாசலில் வரிசையும் நீளும். அங்கே போகக் கூடாது என்று சொல்ல மாட்டேன். வரலாற்றை நேரில் பார்க்க நுழைவுச்சீட்டு வாங்குகிறோம் என்று தெரிந்தே ஒருமுறை, ஒரே ஒரு கோப்பைக்கு, கதவு திறந்ததும் போகலாம். ஆனால் ஒரு மாலைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் வேறெங்காவது செலவழிப்பதே மேல். பூகிஸ் ரயில் நிலையத்துக்கு எதிரே பார்க்வியூ ஸ்குவேரில் அட்லஸ் இருக்கிறது. கூரையை நோக்கி எழும் கோபுர அலமாரியில் ஜின் புட்டிகளாகவே அடுக்கியிருப்பார்கள். பகலில் தேநீருக்கோ காபிக்கோ போனாலும் அதே மண்டபத்தைப் பார்க்கலாம். விஜய் முதலியார் 2016-ல் அமோய் ஸ்ட்ரீட்டில் தொடங்கிய நேட்டிவ், ஐரோப்பியச் சரக்கை நம்பாமல் சுற்றுவட்டார நாடுகளின் மதுவையும் உள்ளூர் இலைகளையும், எறும்பையும்கூடப் பானத்தில் சேர்த்துப் பேர் வாங்கியது. இந்தத் தொழிலில் எது புதுமை என்பதை அந்த வட்டாரமே மாற்றிக் காட்டியது.

வட்டாரம் என்று சொன்னேன். அதில்தான் அடுத்த சேமிப்பு இருக்கிறது. தெலுக் ஆயர், அமோய் ஸ்ட்ரீட், தஞ்சோங் பகார், கியோங் சைக் சாலை எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே போகும் தொலைவு. நல்ல பார்கள் இங்கே நெருக்கமாக இருப்பதால் தங்குமிடத்தைப் பக்கத்திலோ, நேரடி ரயில் தடத்திலோ பார்த்துக்கொண்டால் டாக்ஸியே தேவைப்படாது. நள்ளிரவிலிருந்து காலை ஆறு மணிவரை டாக்ஸி மீட்டரில் 50 விழுக்காடு கூடுதலாக ஏறும். ரயில்களோ நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். முன்மாலையில் தொடங்கியவருக்கு இந்தச் சிக்கலே வராது. சாப்பாட்டை பாரில் வைத்துக்கொள்ள வேண்டாம். மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம் இதே வட்டாரத்தின் நடுவில் இருக்கிறது. ஒரு வயிற்றுக்கு அங்கே ஆகும் செலவு பாரில் ஒரு தட்டு வறுவலின் விலைக்கும் கீழே. வெறும் வயிற்றில் மது வேகமாக ஏறும் என்பதால் முதலில் உண்பது உடம்புக்கும் நல்லது. இந்த உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020-ல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதைத் தவறவிட்டு பாரில் பசியாறுவது சிங்கப்பூரையே தவறவிடுவது போல.

கடையில் பாட்டில் வாங்கி அறையிலோ ஆற்றங்கரையிலோ குடித்தால் இன்னும் மலிவாயிற்றே என்பது அடிக்கடி வரும் மறுப்பு. மலிவுதான். ஆனால் அப்போது நீங்கள் வாங்குவது மது மட்டும்; அது சென்னையிலும் கிடைக்கும், அதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை. ஆற்றங்கரை யோசனையில் சட்டச் சிக்கலும் உண்டு. 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கவும் கூடாது, கடைகளில் வாங்கிச் செல்லவும் முடியாது. மீறினால் முதல் தடவைக்கே 1,000 வெள்ளி வரை அபராதம். 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு வந்த சட்டம் இது. தேக்கா என்று தமிழர்கள் அழைக்கும் லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் இன்னும் கடுமையான கட்டுப்பாட்டு வட்டாரங்கள். வாரக்கடைசியில் அங்கே பகலிலும் பொது இடத்தில் குடிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நண்பர்களைப் பார்க்கப் போகும் தமிழ்ப் பயணி இதை அறிந்திருப்பது அவசியம்.

பணம் கட்டும்போது அட்டை இயந்திரம் ரூபாயில் கட்டலாமா, வெள்ளியில் கட்டலாமா என்று கேட்டால் வெள்ளியையே தேர்ந்தெடுக்க வேண்டும். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் வைக்கும் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே இருக்கும். சேவைக் கட்டணம் பில்லிலேயே இருப்பதால் தனியாக டிப்ஸ் வைப்பது அங்கே வழக்கமில்லை. பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் திட்டம் கடையில் வாங்கி ஊருக்கு எடுத்துப்போகும் பொருளுக்குத்தான். பாரில் குடித்ததற்குக் கிடைக்காது.

சாமான் விஷயத்தில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. இந்தப் பயணத்துக்கென்று விற்கப்படும் தனிப்பொருள்களில் பெரும்பாலானவை தேவையற்றவை. இடுப்பில் செருகும் தட்டைக் குப்பி எந்த நல்ல பாரிலும் ஏற்கப்படாது. போதை தெளியவைக்கும் மாத்திரை என்று எதுவும் ஆல்கஹாலை விரைவாக எரிக்காது. அதிகம் குடித்த நாளில் பாராசிட்டமால் விழுங்குவது கல்லீரலுக்கு ஆபத்துகூட. மின்சிகரெட்டை எடுத்துப் போகவே கூடாது, சிங்கப்பூரில் அது சட்டவிரோதம். கைப்பையில் இடம் பெறத் தகுதியானவை அந்த இருக்கையை நன்றாகப் பயன்படுத்தவும், வழியில் வீண் செலவைத் தடுக்கவும் உதவுபவை மட்டுமே. முன்பகுதி மூடிய காலணியும் முழுக்கால்சட்டையும் முதலில். செருப்பும் அரைக்கால்சட்டையும் போட்டுப் போய் வாசலில் திரும்பி வந்தால் அந்த மாலையே போயிற்று. உள்ளே குளிர்சாதனம் எலும்பைத் தொடும், ஆகவே மெல்லிய மேலாடை அல்லது சால்வை. சட்டென்று கொட்டும் மழைக்கு மடக்குக் குடை. நடந்து போகும் தொலைவுக்கு டாக்ஸி பிடிக்க வைப்பது பெரும்பாலும் மழைதான். தண்ணீர்ப் பாட்டில், சிங்கப்பூரின் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். பாரில் தண்ணீர் கேட்கும்போது பாட்டில் தண்ணீரா, வெறும் தண்ணீரா என்று தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. செல்பேசியில் வரைபடம், முன்பதிவு, பணம் எல்லாம் இருப்பதால் பவர் பேங்க். அதைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், பெட்டியில் போட அனுமதியில்லை. 2025 ஏப்ரலிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானங்களில் பறக்கும்போது அதைப் பயன்படுத்தவும் தடை. இவற்றோடு ஒரு சிறு குறிப்பேடு. மங்கிய வெளிச்சத்தில் செல்பேசியைத் தூக்கிப் படமெடுப்பது அடுத்தவருக்குத் தொல்லை. பென்சிலால் இரண்டு வரி எழுதினால் பார்டெண்டர் தானாகவே அளவைத் திருத்திச் சொல்வார்.

இவ்வளவு நேரம் ஓர் இருக்கையைப் பிடித்து வைத்துக்கொண்டு இரண்டே கோப்பை வாங்குவது கடைக்காரருக்கு நட்டமில்லையா? இந்த மறுப்பை நான் பொருட்படுத்துகிறேன். காலி வேளையில் அந்த இருக்கைக்கு வேறு ஆள் இல்லை, ஆகவே யாருடைய பிழைப்பையும் கெடுக்கவில்லை. ஏழரைக்கு ஆட்கள் வாசலில் நிற்கத் தொடங்கினால் எழுந்துவிட வேண்டும். முன்பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருப்பதுதான் உண்மையான நட்டம். திட்டம் மாறினால் முன்கூட்டியே ரத்து செய்வது அடிப்படை மரியாதை.

திரும்பும்போது எதை வாங்கி வருவது? ஷேக்கர், வடிகட்டி, அளவுக் கிண்ணமான ஜிகர், நீளக் கரண்டி ஆகியவை சிங்கப்பூரில் கண்ணைப் பறிக்கும். ஆனால் எவர்சில்வர் பார் சாமான்களை உலகுக்கு ஏற்றுமதி செய்யும் ஊர்களில் ஒன்று நம் மொராதாபாத். அவற்றை இங்கேயே வாங்கலாம். ஒருவர் வீட்டில் முதலில் வாங்க வேண்டியது ஜிகர்தான். கண்ணளவில் ஊற்றும் கை எப்போதும் கூடுதலாகவே ஊற்றும், அதனால் சுவையும் கெடும், குடியும் கூடும். அங்கிருந்து கொண்டுவரத் தகுந்தது கசப்புச் சாறு. டிரினிடாட்டில் தயாராகும் அங்கோஸ்டுரா போன்ற ஒரு 200 மில்லி புட்டி மாதக்கணக்கில் வரும், ஏனென்றால் ஒரு பானத்துக்குச் சில துளிகளே போதும். 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் என்பதால் விமானக் கைப்பையில் அனுமதிக்க மாட்டார்கள். மூடியை இறுக்கி, பிளாஸ்டிக் பையில் போட்டு, துணிகளுக்கு நடுவே பெட்டியில் வைக்க வேண்டும். அதில் 44.7 விழுக்காடு ஆல்கஹால் இருப்பதால் இந்தியச் சுங்கம் அனுமதிக்கும் 2 லிட்டர் மதுக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்வதே பாதுகாப்பு. போகும் திசையில் கணக்கு வேறு: சிங்கப்பூருக்குள் வடித்த மது ஒரு லிட்டருக்கு மேல் தீர்வையில்லாமல் கொண்டுபோக முடியாது, இரண்டாவது லிட்டர் ஒயினாகவோ பீராகவோதான் இருக்கலாம். வீட்டில் எலுமிச்சை சோடா ஒரு டம்ளரில் அந்தச் சாறு நான்கு துளி விட்டால், பாரில் கேட்டு அறிந்த அந்தக் கசப்பும் வாசனையும் கிடைத்துவிடும். அதிலுள்ள மது அரை மில்லியைக்கூட எட்டாது.